இரண்டடுக்கில் ஒளி இல்லை

ஒரு விஷயம் பிழை என்று தெரிந்த பிறகும், எட்டு மாதம் நான் ஒருவரைச் சனிக்கிழமைதோறும் இருட்டறையில் உட்கார வைத்தேன். இதை இப்படி நேராக எழுத எனக்கு நெடுநாள் பிடித்தது. முன்பு எழுத முயன்றபோதெல்லாம் ‘கருவியின் எல்லைகள்’, ‘அன்றிருந்த தரவுகளின்படி கருதப்பட்டது’ என்றே வசனங்கள் வந்து விழுந்தன. ஆய்வுக்கட்டுரை எழுதிப் பழகிய கை. ‘கருதப்பட்டது’ என்று எழுதினால், கருதியவன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

வெளிநாட்டில் கலாநிதிப் பட்ட ஆய்வு முடித்து ஊருக்குத் திரும்பி, பௌதிகவியல் விரிவுரையாளராகச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது. புதுக் கட்டடம் எழும்பும்வரை எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கொக்குவிலில் ஒரு மதில்வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். விறாந்தையில் எல்லாருடைய செருப்புகளும் கிடக்கும். ஹோலில் கணினிகள். உள்ளே, முன்பு சுவாமியறையாக இருந்த சின்ன அறையில் லேசர். ஜன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். நான் படித்த ஆய்வுகூடம் தங்களுக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய லேசரைக் கேட்டு வாங்கிக் கப்பலில் வரவழைத்திருந்தேன். பக்கத்தில் ரயில் போகும்போது மேசை நடுங்கும். ரயில் நேரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, இடைப்பட்ட நேரத்தில் அளவெடுப்போம்.

அங்கேதான் ரீச்சர் வந்தார். உடுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவர். வீடு அச்சுவேலியில். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவரை நான் ரீச்சர் என்பேன், அவர் என்னைச் சேர் என்பார். எம்.ஃபில். என்கிற முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிய விரும்பினார்.

“கிழமை நாளிலை எனக்குப் பள்ளிக்கூடம், சேர். சனிக்கிழமை முழுநாளும் வருவன். காணுமோ?”

“காணும் ரீச்சர்.”

“இன்னொண்டு. நான் பட்டம் எடுத்துப் பதினெட்டு வருசம். உந்த மெல்லிய படலங்களைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வகுப்பிலை சொல்லுறதுக்காகத் தேடி வாசிச்சதுதான். நான் பிழையாச் செய்தா முகத்துக்கு நேரை சொல்லுங்கோ. குறை நினைக்க மாட்டன்.”

சரி என்றேன்.

நான் அவருக்குக் கொடுத்த தலைப்பு என் சொந்தக் கட்டுரையிலிருந்து கிளைத்தது. அது என்ன கட்டுரை என்று சொல்ல வேண்டும். மொலிப்டினம் இருசல்பைட்டு என்றொரு குறைகடத்தி இருக்கிறது. பார்வைக்குப் பென்சில் கரி போல இருக்கும். ஒட்டும் நாடாவால் அதை உரித்து, உரித்ததைத் திரும்ப உரித்துக்கொண்டே போனால், இதற்குமேல் மெல்லியதாக்க முடியாது என்ற ஒற்றை அடுக்கு மிஞ்சும். சாதாரணமாக ஒரு பொருளில் பட்டுத் திரும்பும் ஒளி, பட்ட நிறத்தில்தான் திரும்பும். ஆனால் மிகச் செறிவான லேசரை இந்த அடுக்கில் குவித்தால் இரண்டு ஒளித்துணிக்கைகள் சேர்ந்து இரட்டைச் சக்தியுள்ள ஒன்றாக வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அப்பாலான கதிர் போய்ப் பட, பச்சை திரும்பி வரும். படுகிற ஒளியை இரண்டு மடங்காக்கினால் இந்தப் பச்சை நான்கு மடங்காகும். அதனால்தான் இதை நேர்கோட்டில் அடங்காத ஒளியியல் என்கிறோம்.

விசித்திரம் என்னவென்றால், இது ஓர் அடுக்கில் வரும், இரண்டடுக்கில் வராது. இரண்டாவது அடுக்கு முதலாவதற்கு எதிர்ப்புறம் திரும்பிப் படுத்திருக்கும். ஒன்று தருவதை மற்றது அழித்துவிடும். மூன்றாவது அடுக்கு சேர்ந்தால் மறுபடி வரும். நான்கில் வராது.

என் கட்டுரை சொன்னது, இரண்டடுக்கை ஒரு பிளாஸ்ரிக் தகட்டில் ஒட்டி வளைத்தால் அந்தச் சமநிலை குலைந்து அதிலிருந்தும் பச்சை வரும் என்று. நல்ல சஞ்சிகை ஒன்றில் வந்தது. என்னை வேலைக்கு எடுத்த நேர்முகத்தில் கேட்ட கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். எவ்வளவு வளைத்தால் எவ்வளவு ஒளி கூடுகிறது என்று அளந்து ஒரு வரைபு எடுப்பது ரீச்சரின் வேலை. இரண்டு வருடத்தில் முடியும் என்று நினைத்தேன்.

அவருடைய கையைப் போலப் பொறுமையான கையை நான் வெளிநாட்டிலும் கண்டதில்லை. நாடாவைப் பிரிக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வார். நுணுக்குக்காட்டியில் மணிக்கணக்காகத் தேடி, தலைமயிரின் தடிப்பைவிடச் சின்னதான ஒரு இரண்டடுக்குத் துண்டைக் கண்டால் அதன் உருவத்தைக் கொப்பியில் பென்சிலால் கீறிவைப்பார். தடித்த அட்டை போட்ட பெரிய சீ.ஆர். கொப்பிகள். ஒரு துண்டு இலங்கை வரைபடம் போல, இன்னொன்று உடைந்த கோப்பை போல என்று பக்கத்தில் எழுதியிருப்பார். பிறகு சுவாமியறைக்குள் போய், கதவுக்குக் கறுப்புத் துணி இழுத்துவிட்டு, ஒளித்துணிக்கைகளை எண்ணும் கருவிக்கு முன்னால் உட்காருவார். கைபேசியின் வெளிச்சமே கருவியைக் குழப்பும் என்பதால் அதை விறாந்தையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

முதல் வருடம் முடியும்போது ஓர் அடுக்கில் ஒளி வந்தது, மூன்றடுக்கில் வந்தது. இரண்டடுக்கில் வளைக்காமல் பார்த்தால் இல்லை. வளைத்துப் பார்த்தாலும் இல்லை.

“வளைவு காணாது ரீச்சர்.”

கூட வளைத்தார். இல்லை.

“குவியம் ஒழுங்கா விழேல்லைப் போல.”

திரும்பக் குவித்தார். இல்லை. ஒருநாள் அவரை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் வரவில்லை. ஈரப்பதன் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். இன்னொரு நாள், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது, “சில பேருக்குக் கைராசி எண்டு ஒண்டு இருக்கு, பழகப் பழக வரும்” என்று சொன்னேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை நாடா உரிக்கும் விதத்தை அடியிலிருந்து மாற்றிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் அவர் ஒன்று கேட்டார்.

“சேர், உங்கடை பழைய படங்களை ஒருக்காப் பாக்கலாமோ? நீங்கள் எடுத்த துண்டு நுணுக்குக்காட்டியிலை என்ன நிறத்திலை இருந்ததெண்டு பாத்தா, நான் எங்கை விடுறன் எண்டு பிடிச்சிடலாம்.”

நியாயமான கேள்வி. அந்தக் கிழமையே தேடினேன். மாசி மாதம், ஒரு பின்னேரம். மின்சாரம் போயிருந்தது. மடிக்கணினியில் மின்கலம் பாதிக்கு இறங்கியிருந்தது. பழைய டிஸ்க்கைப் பொருத்தி, கட்டுரைக்குரிய கோப்புகளைப் பார்த்துக்கொண்டு போனபோது, நான் அந்த நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கு முந்திய கிழமைத் திகதியில் ஒரு கோப்பு இருந்தது.

கட்டுரையில் ஒரே ஒரு வளைந்த துண்டுதான் இருந்தது. வளைக்காமல் ஒப்பிட்டுப் பார்த்தது வேறொரு துண்டை. இரண்டும் இரண்டடுக்கு என்று நிறத்தை வைத்து முடிவெடுத்தோம். சிலிக்கன் தகட்டில் அடுக்குக்கு அடுக்கு நிறம் மாறுவது நன்றாகத் தெரியும். தெளிந்த பிளாஸ்ரிக்கில் அப்படித் தெரியாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அடுக்கின் அதிர்வை அளந்து எண்ணிக்கையைச் சொல்லும் இன்னொரு முறை இருக்கிறது. அதில் இரண்டு முனைகள் தெரியும். அவற்றின் இடைவெளி அடுக்குகள் கூடக்கூட அகலும். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு, சும்மா ஒரு உறுதிக்காக, அந்த வளைந்த துண்டை அப்படி அளந்திருந்தேன். அந்தக் கோப்புத்தான் அது.

திறந்தேன். இடைவெளி மூன்றடுக்குக்கு உரியது.

மூன்றடுக்கில் வளைத்தாலும் வளைக்காவிட்டாலும் ஒளி வரும். நான் கண்டுபிடித்ததாகச் சொன்னது ஒன்றுமே இல்லை.

இதைவிடக் கீழானது ஒன்று இருக்கிறது. அளந்த அன்று நான் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. பெட்டி கட்டுகிற அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அளந்ததைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டாயிற்று, இனி எதற்கு என்று மனதில் ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. மறதி என்று இதற்குப் பெயர் சொல்ல என்னால் முடியாது.

அடுத்த சனிக்கிழமை ரீச்சர் வந்தவுடன் கேட்டார். “படம் கிடைச்சுதோ, சேர்?”

“அந்த டிஸ்க் பழுதாப் போச்சு ரீச்சர்.”

“பரவாயில்லை. அப்ப நான் இன்னும் கொஞ்சம் கவனமாச் செய்து பாக்கிறன்.”

கைபேசியை விறாந்தையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஏன் சொல்லவில்லை என்று பின்னாளில் விசாரணைக் குழுவும் கேட்டது. அப்போது எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அது ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. மூன்றாவதும் ஒன்று இருந்தது. இன்னும் கூட வளைத்தால் இரண்டடுக்கிலும் உண்மையிலேயே வந்துவிடக்கூடும், அப்படி வந்துவிட்டால் என் கட்டுரை பிழையான வழியில் போய்ச் சரியான இடத்தைச் சேர்ந்ததாகிவிடும் என்று நம்பப் பார்த்தேன். ரீச்சரின் கைகள் என்னைக் காப்பாற்றும் என்று காத்திருந்தேன். இது அவருக்குத் தெரியாது.

வைகாசியில் அவருடைய ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது.

“ரெண்டு மூண்டு மாசம் விட்டுட்டு வரட்டோ, சேர்? ஐயா கதைக்கிறது வீட்டிலை ஒருத்தருக்கும் விளங்குதில்லை. எனக்குத்தான் கொஞ்சம் பிடிபடுது. நான் நிண்டா நல்லம்.”

“இப்ப விட்டா உங்கடை பதிவுக்காலம் முடிஞ்சிடும் ரீச்சர். நீடிப்புக் கேட்டாலும் தருவினமோ தெரியாது. இன்னும் கொஞ்சம்தானே.”

பதிவுக்காலத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. அந்த உண்மையை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பது வேறு விஷயம். அவர் தங்கச்சியைச் சனிக்கிழமைகளில் வந்து நிற்கச் சொல்வதாகச் சொன்னார்.

ஆடியில் என் வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். இனிச் சொன்னால், ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆவணியில் ஒருநாள் புதுப் பிளாஸ்ரிக் தகடுகள் வந்து சேர்ந்தன. ஒரு அலுவலாக அச்சுவேலிப் பக்கம் போக இருந்ததால் அவற்றை ரீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். வீட்டைச் சுற்றி வெங்காயம் நட்ட தறைகள். ஐயா செய்த தோட்டத்தை இப்போது தங்கச்சியின் புருசன் பார்க்கிறார் என்றார் ரீச்சர். உள்ளே கட்டிலில், தலையணைகள் வைத்துச் சாய்த்தபடி ஐயா இருந்தார். என்னைக் கண்டதும் இடக்கையைத் தூக்கி ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

ரீச்சர் அவருடைய முகத்துக்குக் கிட்டக் குனிந்து கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வெளிச்சம் வந்திட்டுதோ எண்டு கேக்கிறார். நான் சனிக்கிழமையளிலை எங்கை போறன் எண்டு இவருக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். ஒவ்வொரு முறையும் வர இதைத்தான் கேப்பார்.”

ஐயா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரும் ஐயா,” என்றேன். “கெதியிலை வரும்.”

அவர் தலையாட்டினார். ரீச்சர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமையில் ஐயா போய்விட்டார். அது ஒரு வியாழக்கிழமை, ரீச்சர் பக்கத்தில்தான் இருந்தார். அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு சின்ன ஆறுதல் எழுந்தது. அந்த ஆறுதலைப் பற்றியும் எனக்கு வெட்கம் உண்டு. செத்தவீட்டுக்குப் போனேன். பந்தலுக்குக் கீழே நின்றபோது ரீச்சரின் தங்கச்சி, வந்தவரை உபசரிக்கிற வழமையில், ஒரு குறையும் இல்லாமல் என்னுடன் கதைத்தார்.

“சனிக்கிழமையளிலைதான் எங்களுக்குக் கரைச்சல். அவர் கேக்கிறது எங்களுக்கு விளங்காது. தண்ணி கேட்டா நாங்கள் போர்வை குடுப்பம். பிறகு ஒண்டும் கேக்காமல் வாசலைப் பாத்துக்கொண்டு கிடப்பார். அக்கா வந்தாப் பிறகுதான் சாப்பிடுவார். உங்களிட்டைப் படிச்சு முடிக்கவேணும் எண்டு அவவுக்கும் ஆசைதானே.”

வீட்டுக்கு வந்து நாட்காட்டியை எடுத்தேன். வைகாசிக்குப் பிறகு அவர் வந்த சனிக்கிழமைகள் இருபத்திரண்டு. மாசியிலிருந்து கணக்கெடுத்தால் இன்னும் கூட. அவற்றில் எதுவுமே தேவையில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, பள்ளிக்கூடம் விட்டு நேரே ஆய்வுகூடத்துக்கு வந்தார் ரீச்சர். கையில் நாலு கொப்பிகள், ஆய்வுகூடக் கதவின் திறப்பு, ஒரு கடிதம். பதிவிலிருந்து விலகுவதற்கு மேற்பார்வையாளரின் கையெழுத்து வேண்டும். காரணம் என்ற இடத்தில் தன் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: பரிசோதனை வேலைக்குத் தேவையான கைப்பக்குவம் எனக்கு இல்லை என உணர்ந்தமையால்.

நான் பேனையைக் கையில் எடுத்தேன். அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். இதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் அது நான் சொன்ன பொய்களிலெல்லாம் பெரியதாகிவிடும் என்று தெரிந்தது.

“உங்கடை கையிலை பிழை இல்லை, ரீச்சர்.”

“எனக்கு மனம் நோகும் எண்டு சொல்லுறியள், சேர். தேவையில்லை. ரெண்டு வருசம் பாத்திட்டன்.”

“இல்லை. என்ரை கட்டுரைதான் பிழை. அது ரெண்டடுக்கு இல்லை. மூண்டு.”

அவர் கொப்பிகளை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். முதலில் கேட்டது ஒரு பௌதிகவியல்காரி கேட்கும் கேள்வி.

“எப்பிடித் தெரியும்?”

கணினியில் கோப்பைத் திறந்து காட்டினேன். நான் விளக்க வாயெடுக்க, கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு முனைகளின் இடத்தையும் தானே வாசித்து, கழித்துப் பார்த்து, இன்னொருமுறை கழித்தார்.

“மூண்டுதான்,” என்றார். பிறகு மெல்ல, “அப்ப என்ரை அளவுகள் சரி. ரெண்டடுக்கிலை வராமல் விட்டது சரி.”

அவருடைய முகத்தில் அந்தக் கணம் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். இரண்டு வருடத்தில் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. ஒரு கொப்பியை இழுத்து ஏதோ பக்கத்தைத் தேடத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

“டிஸ்க் பழுதெண்டு சொன்னனீங்கள்.”

“பொய் சொன்னனான்.”

“இதை எப்ப பாத்தனீங்கள்?”

“மாசி.”

“போன மாசியோ?”

“ஓம். நீங்கள் கேட்ட கிழமை.”

கொப்பியை மூடினார். வெளியே பள்ளிப்பிள்ளைகள் சைக்கிளில் கதைத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. கோபித்துப் பேசுவார் என்று நினைத்தேன், அதற்காகக் காத்தும் இருந்தேன். அவர் கதவருகே தொங்கிய கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆவணியிலை எங்கடை வீட்டை வந்தனீங்கள்.”

“ஓம்.”

“ஐயா கேட்டவர்.”

“ஓம், ரீச்சர்.”

ரீச்சர் எழும்பினார். நாலு கொப்பிகளையும் கடிதத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார். திறப்பை மட்டும் மேசையில் விட்டுவிட்டுப் போனார். ஸ்கூட்டரை உடனே எடுக்கவில்லை. மதிலுக்கு வெளியே நெடுநேரம் நின்றுவிட்டுப் பிறகுதான் சத்தம் கேட்டது. நான் எழும்பிப் போகவில்லை.

அந்தக் கிழமையே என் பழைய பேராசிரியருக்குக் கோப்பையும் சேர்த்து எழுதினேன். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது, கட்டுரையைத் திரும்பப் பெறுவோம் என்று. சஞ்சிகைக்கு எழுதினோம். துறைக்கும் ஒரு கடிதம் கொடுத்தேன். அதன் பிரதி ஒன்று ரீச்சருக்குப் போனது.

தைப்பொங்கல் முடிந்து ஒரு சனிக்கிழமை அவர் அந்தப் பிரதியோடு வந்தார். உட்காரவில்லை.

“பிழை கண்டறியப்பட்டது எண்டு எழுதியிருக்கிறியள். ஆர் கண்டறிஞ்சது, எப்ப கண்டறிஞ்சது எண்டு இல்லை.”

நான் பிரதியை வாங்கி அந்த வரியைப் பார்த்தேன்.

“மாசியிலையிருந்து உங்களுக்குத் தெரியும் எண்டதையும் எழுதுங்கோ. நான் படம் கேட்டனான், நீங்கள் டிஸ்க் பழுதெண்டு சொன்னனீங்கள் எண்டதையும் எழுதுங்கோ. என்ரை வேலையை நான் இன்னொரு மேற்பார்வையாளரோடை முடிக்கப்போறன். ரெண்டடுக்கை வளைச்சாலும் வராது எண்டு எழுதப்போறன். இவ்வளவு தரம் ஏன் அளந்தனீர் எண்டு கேட்டா நான் மறுமொழி சொல்லவேணும். அந்த மறுமொழி உங்கடை கடிதத்திலை இருக்கவேணும்.”

அவர் முன்னாலேயே எழுதினேன். நான் என்று தொடங்கி எழுதினேன். கை ஓடவில்லை. அவர் வாசித்து, ஒரு திகதியைத் திருத்தச் சொன்னார்.

விசாரணை நடந்தது. மூன்று வருடத்துக்கு ஆராய்ச்சி மாணவர்களை நான் எடுக்கக் கூடாது என்று முடிவானது. என் வேலை போகவில்லை. போயிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பேனோ தெரியாது. ஒன்றிரண்டு பேர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். ஒருவர் வந்து, பேசாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று இரக்கத்தோடு கேட்டார். அவரோடு இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ரீச்சருக்குப் பதிவுக்காலத்தை நீடித்துக் கொடுத்தார்கள். கேட்டவுடன் கொடுத்தார்கள். வைகாசியில் நான் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் அப்போதே கிடைத்திருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அவருடைய வாய்மொழிப் பரீட்சைக்கு யாரும் போகலாம். நான் போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். நாலு கொப்பிகளிலும் இருந்த அளவுகளை ஒரே வரைபில் போட்டுக் காட்டினார். கிடையாகக் கிடக்கும் ஒரு கோடு. எவ்வளவு வளைத்தாலும் பூச்சியத்திலிருந்து எழும்பாத கோடு. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர், ஒன்றும் வராத ஒன்றை இத்தனை தடவை எதற்காக அளந்தீர்கள் என்று கேட்டார்.

“என்ரை கைதான் பிழை எண்டு நினைச்சனான், சேர்,” என்றார் ரீச்சர். “அதாலை ஒவ்வொரு முறையும் இன்னும் கவனமா அளந்தனான். இப்ப பாத்தா, இதைவிடக் கவனமா ஆரும் அளந்திருக்க மாட்டினம்.”

பரீட்சகர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

முடிந்து எல்லாரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது நானும் கிட்டப் போனேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். பல மாதமாக ஆயத்தப்படுத்தி வைத்திருந்த வசனங்களில் அது ஒன்றுதான் வாயில் வந்தது.

“மன்னிச்சிட்டன் எண்டு சொன்னா அது பொய், சேர். சொல்லுற நாள் வந்தாச் சொல்லுவன்.” பிறகு, வந்தவரிடம் சொல்கிற சாதாரணக் குரலில், “பற்றிஸும் கேக்கும் வைச்சிருக்கிறம். சாப்பிட்டிட்டுப் போங்கோ,” என்றார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ரீச்சர் பட்டத்தோடு நிற்கவில்லை. ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கைத் திருப்பி வைத்தால் ஒளி எப்படி மாறும் என்று இப்போது அதே இருட்டறையில் பார்க்கிறார். அவர் வரும் நாட்களில் நான் அந்த அறைப்பக்கம் போவதில்லை. அவர் அப்படிக் கேட்டதில்லை, நானாக வைத்துக்கொண்டது.

போன மாதம் ஒருநாள் ஹோலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அறைக்கதவு திறந்தது.

“சேர், ஒரு அஞ்சு நிமிசம் வரேலுமோ? பின்பக்கக் கண்ணாடியை ஒராள் பிடிக்கவேணும். எனக்கு ரெண்டு கைதானே.”

போனேன். கண்ணாடியின் திருகைப் பிடித்துக்கொண்டேன். இருட்டில் அவர் சொல்லச் சொல்லத் திருப்பினேன். கொஞ்சம் இடது, காணும், திரும்ப ஒரு மயிரிழை வலது. திரையில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

“சரி, விடுங்கோ. நன்றி சேர்.”

யாருக்கும் சொல்கிற நன்றிதான். நான் வெளியே வந்து, துணியைப் பின்னால் இழுத்துவிட்டு, மிச்ச விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை.